வீட்டைத் தொடரும் கடன்

புதுக்கோட்டைச் சீமையில் ஒரு வீடோ மனையோ கைமாறும்போது பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "வில்லங்கம் ஏதும் உண்டா?" என்பதுதான். சுவர் உறுதியாக இருக்கிறதா, கிணற்றில் நீர் உண்டா என்பவை அதற்குப் பின்னரே வரும். தொல்லை தரும் மனிதரைக் கூட 'வில்லங்கமான ஆள்' என்றே நம் மக்கள் சொல்கிறார்கள். இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. நம் கடலோர ஊர்களிலிருந்து முன்னாளில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பின்னாளில் வளைகுடா நாடுகளுக்கும் சென்று பொருளீட்டியவர் பலர். அவ்வாறு இருபது ஆண்டுகள் உழைத்து ஒருவர் ஒரு வீட்டை வாங்கிக் குடிபுகுகிறார் என்று கொள்வோம். ஓராண்டு கழித்து, வீட்டை விற்றவர் பட்ட கடனுக்காக நீதிமன்ற அமீனா வந்து கதவில் ஜப்தி நோட்டீசை ஒட்டினால் அவர் நிலை என்னவாகும்? "கடன் பட்டவர் அவர், வீடு என்னுடையது. அவருடைய கடனுக்கு என் வீடு எப்படிப் பொறுப்பாகும்?" என்று அவர் கேட்பார். இது மிகப் பழைய கேள்வியாகும். மதீனாவிலும், ஆர்க்காட்டு நவாபின் சென்னையிலும், அலகாபாத் நீதிமன்றத்திலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. ஒவ்வோரிடத்திலும் அதற்குக் கிடைத்த விடையைத் தெரிந்துகொள்வது இன்று வீடு வாங்குவோர்க்கும் பயன்படும்.

நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் கடனை இரு வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று, மனிதனின் பொறுப்பில் நிற்கும் கடன். அதற்கு அரபியில் தைன் என்று பெயர். மற்றொன்று, ஒரு பொருளோடு கட்டப்பட்ட கடன்; பொருளை ஈடாக வைக்கும் அந்த ஒப்பந்தம் ரஹ்ன் எனப்படும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுமையடைந்தபோது அவர்களுடைய கவச உடை, முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் ஈடாக இருந்தது என்பதை நாம் அறிவோம். முதல்வகைக் கடன் கடன் பட்டவனோடு செல்லும். இரண்டாம் வகை, பொருள் எவர் கைக்குப் போனாலும் அப்பொருளோடு செல்லும். ஆதலால் ஈட்டில் இருக்கும் வீட்டை, ஈடு பெற்றவரின் இசைவின்றி விற்றால், அந்த விற்பனை ஷாபிஈ மத்ஹபின்படி செல்லாது. ஹனபி மத்ஹபின்படி அவர் இசையும்வரை தொங்கலில் நிற்கும். நம் கடற்கரையினர் பொதுவாக ஷாபிஈகள், உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனபிகள். ஆயினும் முடிவு இருவர்க்கும் ஏறத்தாழ ஒன்றே.

சிக்கல் எழுவது கடன் பட்டவர் இறந்துபோகும் வேளையில்தான். அதுவரை மனிதனின் பொறுப்பில் நின்ற கடன், மனிதன் மறைந்தபின் எங்கே போய் நிற்கும்? அவர் விட்டுச்சென்ற சொத்தின்மீது போய் நிற்கும் என்பது ஷரீஅத்தின் விடை. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் பாகப்பிரிவினையைக் கூறும் இடத்தில், மரண சாசனத்தையும் கடனையும் தீர்த்த பின்னரே பங்கு என்பதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜ் என்னும் நூலில் இவ்வரிசையை இன்னும் நுட்பமாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் கபனும் அடக்கச் செலவும், பிறகு கடன், பிறகு மூன்றிலொரு பங்குக்குள் அடங்கும் சாசனம், எஞ்சியதே வாரிசுகளுக்கு. ஆனால் ஈடு வைத்த பொருளைப்போலக் குறிப்பிட்ட ஒரு பொருளின்மீதே உரிமை ஒன்று பற்றியிருந்தால், அது கபன் செலவுக்கும் முந்தியது. இறந்தவரின் கபனுக்கும் முன்னால் அடமானக்காரரின் உரிமை நிற்கிறது! நம் நாட்டில் வங்கிகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட விதி இது.

இவ்விதியை வாழ்ந்து காட்டிய ஒரு நிகழ்ச்சியை ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். ஹிஜ்ரீ 36-இல், அதாவது கி.பி. 656-இல், ஜமல் போர் நாளன்று ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வை (ரலி) அழைத்து, தமது பெருங்கவலை தம் கடனே என்றார்கள். சொத்தை விற்றுக் கடனை அடைக்குமாறும் பணித்தார்கள். அன்றே அவர்கள் கொல்லப்பட்டார்கள். ரொக்கமாக ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை. இருந்தவை நிலங்களும், மதீனாவில் பதினொரு வீடுகளும், பஸ்ராவில் இரண்டும், கூஃபாவில் ஒன்றும், எகிப்தில் ஒன்றும். மகன் கணக்கிட்டுப் பார்த்தபோது கடன் இருபத்திரண்டு இலட்சம் ஆயிற்று.

இவ்வளவு கடன் ஆடம்பரத்தால் வந்ததன்று. மக்கள் தம் பொருளை ஸுபைரிடம் அமானிதமாகத் தர வருவார்கள். அவர்களோ, "அமானிதம் வேண்டா, இதைக் கடனாக வைத்துக்கொள்கிறேன்" என்பார்களாம். காரணம் இதுதான். அமானிதப் பொருள் காப்பவரின் குற்றமின்றித் தொலைந்தால் அவர் ஈடு தரவேண்டியதில்லை. கடனோ எந்நிலையிலும் திருப்பித் தரவேண்டியது. மக்களின் பொருளுக்குப் பாதுகாப்பளிக்க அவர்கள் தம் தலைமேல் சுமை ஏற்றிக்கொண்டார்கள். அந்தச் சுமை மறைவுக்குப்பின் அவர்களுடைய வீடுகள்மீதும் நிலங்கள்மீதும் இறங்கியது.

அப்துல்லாஹ் (ரலி) செய்ததைக் கவனிக்க வேண்டும். அல்காபா என்றொரு நிலம் இருந்தது. (பெயரொலி கண்டு மக்காவின் கஃபாவோடு மயங்கவேண்டா; இது மதீனாவை அடுத்த நிலம்.) தந்தை அதை வாங்கிய விலை 1,70,000, மகன் மதிப்பிட்ட விலை 16,00,000. கடன் வரவேண்டியவர்கள் அங்கேயே வந்து சேருமாறு அறிவித்தார். நான்கு இலட்சம் வரவேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி), விரும்பினால் அதைத் தள்ளிவிடுகிறேன் என்றார், மகன் இசையவில்லை. அத்தொகைக்கு ஈடாக நிலத்தில் ஒரு பகுதி எல்லை காட்டி அவருக்குக் கொடுக்கப்பட்டது. எஞ்சிய பங்குகள், பங்கொன்று ஓர் இலட்சமாக விற்கப்பட்டன. வாங்கியவர்களுள் முஆவியா (ரலி) அவர்களும் ஒருவர். விற்ற பணம் வாரிசுகளின் கைக்குச் செல்லாமல் கடன் கொடுத்தவர்களைச் சேர்ந்தது. ஆகவே அந்நிலத்தை வாங்கியவர் எவரையும் ஸுபைரின் கடன் பின்தொடரவில்லை.

கடன் முழுதும் தீர்ந்தபின் ஸுபைரின் மற்ற மக்கள் பாகம் பிரிக்குமாறு கேட்டார்கள். அப்துல்லாஹ் மறுத்துவிட்டார். நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் மக்கள் கூடும் இடத்தில், "ஸுபைரிடமிருந்து வரவேண்டியது உள்ளவர் எவராயினும் வருக" என்ற பொருள்பட அறிவிப்புச் செய்தார். நான்காம் ஆண்டும் கடந்தபின்னரே பாகம் பிரித்தார். இன்று வழக்கறிஞர்கள் நாளிதழில் சிறிய எழுத்தில், "பதினைந்து நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கவும்" என்று ஓர் அறிவிப்பு வெளியிடுகிறார்களே, அதன் மூதாதை இது. பதினைந்து நாள் எங்கே, நான்கு ஹஜ்ஜு எங்கே என்று எண்ணும்போது நமக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

எல்லாச் சொத்தும் இவ்வளவு தூய்மையாகக் கைமாறுவதில்லை என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். அதனால் விலைப் பத்திரத்திலேயே ஒரு காப்பை எழுதினர். விற்ற பொருளுக்கு வேறொருவர் உரிமை கொண்டாடி வந்தால், பெற்ற விலையைத் திருப்பித் தரும் பிணைக்கு ளமானுத் தரக் என்பது பிக்ஹு நூல்கள் தரும் பெயர். நம் கிரயப் பத்திரங்களின் இறுதியில், இச்சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை என்றும், பின்னர் ஏதும் தோன்றினால் விற்றவர் தம் பிற சொத்துகளைக் கொண்டு ஈடுசெய்வார் என்றும் பத்திர எழுத்தர் எழுதும் வரிகள் அதே கருத்தின் தமிழ் வடிவம். புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகளின் தொகுதி 1929-இல் அச்சாயிற்று. இடைக்கால நிலவிலை ஆவணங்களில், இவ்வோலையே விலையோலை, இதற்குமேல் வேறோலை காட்டத் தேவையில்லை என்னும் கருத்துப்பட எழுதும் மரபுண்டு. வாங்குகிறவரின் அச்சம் கல்லிலும் பதிந்திருக்கிறது. ஆனால் விற்றவரிடம் பிற சொத்தே இல்லாவிட்டால் பத்திரத்தின் அவ்வரிகள் வெறும் மையே.

வீட்டளவில் நிகழ்வது நாட்டளவிலும் நிகழ்ந்ததுண்டு. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களிடமே வட்டிக்குக் கடன் வாங்கினார். மாவட்டங்களின் நிலவரி வருமானத்தையே அதற்கு ஈடாக எழுதிக் கொடுத்தார். பால் பென்பீல்டு என்னும் கம்பெனி ஊழியர் இதில் பேர்பெற்றவர். 1785-இல் எட்மண்டு பர்க் இலண்டன் பாராளுமன்றத்தில் இக்கடன்களைப் பற்றி ஆற்றிய கண்டன உரை புகழ்பெற்றது. 1795-இல் வாலாஜா இறந்தார். 1801 ஜூலை 31-இல் நவாப் அஸீமுத்தௌலாவுடன் செய்த உடன்படிக்கையால் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. ஒரு நாட்டையே கைக்கொண்ட கம்பெனியின் வாசலில், முந்தைய உடைமையாளருக்குக் கடன் கொடுத்தவர்கள் பத்திரக் கட்டுகளோடு வந்து நின்றார்கள்.

1805-இல் ஏற்பட்ட ஆணையம் ஒவ்வொரு பத்திரமாக ஆராய்ந்தது. கால் நூற்றாண்டு காலம், 1830 வரையில், அந்த ஆராய்ச்சி நடந்தது. வந்த கோரிக்கைகள் மூன்று கோடிப் பவுனுக்கும் மேல். உண்மையெனக் கொள்ளப்பட்டவை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடன் உண்டு என்று ஒருவர் தாளை நீட்டியவுடன் வீடு அதற்குப் பொறுப்பாகிவிடாது. கடனும் உண்மையாயிருக்க வேண்டும், அது சொத்தைப் பற்றியும் இருக்க வேண்டும். நாட்டை எடுத்துக்கொண்ட கம்பெனிக்கு இதை ஆராய இருபத்தைந்து ஆண்டுகளும் பணமும் இருந்தன. ஒரு வீடு வாங்கிய ஏழைக்கு அவை ஏது?

அதே காலத்தில் நம் மண்ணிலும் ஒரு 'பத்திரம்' எழுதப்பட்டது. கம்பெனிக்குச் செய்த உதவிகளுக்குக் கைம்மாறாகத் தொண்டைமான் மன்னர் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சார்ந்த நிலப்பகுதியையும் கோரினார். தஞ்சை மன்னர் பிரதாபசிங் முன்பு அளித்த கொடையை அவர் ஆதாரமாகக் காட்டினார். 1803-இல் அது அவருக்குக் கிடைத்தது, ஆனால் நிபந்தனைகளோடு. அப்பகுதியைப் பிறர்க்குக் கைமாற்றக் கூடாது. குடிகள் கொடுங்கோன்மைக்கு ஆளாவது மெய்ப்பிக்கப்பட்டால் அது கம்பெனிக்கே மீளும். ஆண்டுக்கொரு யானை திறையாகச் செலுத்த வேண்டும். யானையை வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836-இல் அத்திறை முறையாகவே தள்ளப்பட்டது. கீழாநிலை அன்று எவரேனும் ஒருவருக்கு விற்கப்பட்டிருந்தால், வாங்கியவர் அந்த மூலப்பத்திரத்தைப் படிக்காமல் ஏமாந்திருப்பார்.

மன்னர்களை விட்டு, நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு வருவோம். ஆங்கிலேய நீதிமன்றங்கள் முஸ்லிம்களின் பாகப்பிரிவினை வழக்குகளை ஷரீஅத் அடிப்படையிலேயே தீர்க்க முயன்றன. இறந்தவரின் கடன் அடைபடுமுன் வாரிசு வீட்டை விற்றுவிட்டால் என்ன ஆகும்? 1878-இல் பஸாயத் ஹுஸைன் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு விடை கூறிற்று. வாரிசிடம் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரின் கையிலிருந்து அச்சொத்தைக் கடன் கொடுத்தவர் பிடுங்க முடியாது. ஆனால் சொத்திலிருந்து கடனை வசூலிக்க வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது வாங்கினால், வரும் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டும்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1885-இல், அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் ஜஃப்ரீ பேகம் வழக்கை விசாரித்தது. அலிகர் இயக்கத்தின் தந்தை ஸர் ஸையித் அஹ்மத் கானின் மைந்தரான நீதிபதி ஸையித் மஹ்மூத் அதில் தீர்ப்பெழுதினார். அரபு மூலநூல்களை நேரில் படித்துத் தீர்ப்பெழுதும் திறம் வாய்ந்தவர் அவர். மொழிபெயர்ப்புகளையே நம்பியிருந்த ஆங்கில நீதிபதிகளிடையே அத்திறம் அரிது. கடன் இருப்பதால் வாரிசுரிமை தள்ளிப்போவதில்லை. உயிர் பிரிந்த கணமே ஒவ்வொரு வாரிசின் பங்கும் அவரைச் சேர்கிறது, ஆனால் தன் பங்கின் அளவுக்குக் கடனையும் சுமந்துகொண்டே சேர்கிறது என்பது தீர்ப்பின் சாரம். சொத்தைக் கையில் வைத்திருந்த சில வாரிசுகள்மேல் மட்டும் வழக்கிட்டுப் பெற்ற தீர்ப்பு, அவ்வழக்கில் சேர்க்கப்படாத வாரிசைக் கட்டாது. எனினும் அவர் தம் பங்கை மீட்க வரும்போது, கடனில் தமக்குரிய பகுதியைச் செலுத்தியே மீட்க வேண்டும்.

நம் மாகாணத்துக்கு வந்தால், 1917-இன் சட்ட அறிக்கையில் வெளியான அப்துல் மஜீத் வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற முழு ஆயமும் இவ்வழியே சென்றது. சொத்து முழுவதையும் கையில் வைத்திருக்கும் ஒரு வாரிசு, தகப்பனாரின் கடனை அடைப்பதற்காகவே விற்றாலும், அவ்விற்பனை மற்ற வாரிசுகளின் பங்கைக் கட்டாது. இதைத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். அண்டை வீட்டு இந்துக் கூட்டுக்குடும்பத்தில் மூத்தவர் குடும்பக் கடனுக்காக விற்பதைப் பார்த்து, நம் மூத்த காக்காவும் அவ்வாறே விற்கலாம் என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். ஷரீஅத்தில் அப்படி ஓர் அதிகாரம் அவருக்கு இல்லை. கையெழுத்துப் போடாத சகோதரியின் பங்கு, பத்திரம் எத்தனை கை மாறினாலும் அவருடையதே. வீடு வாங்கியவருக்குப் பிற்பாடு வரும் தொல்லைகளில், முந்தையவரின் கடனால் வருவதைவிட, அக்கடனை அடைக்கிறோம் என்று சொல்லிச் சகோதரிகளை விட்டுவிட்டு எழுதிய பத்திரத்தால் வருவதே மிகுதி என்பது என் கருத்து. 1965-இல் சென்னையிலிருந்து சென்ற முகம்மது சுலைமான் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு விலக்கைக் கூறியது உண்மைதான். கடன் கொடுத்தவர் நேர்மையாகவும் முயன்றும் விசாரித்து, அறிந்த வாரிசுகள்மேல் வழக்கிட்டிருந்தால், மோசடி இல்லாதவரை அத்தீர்ப்பு சொத்து முழுவதையும் கட்டும். இது நீதிமன்றத்தின் வழியே கடன் வசூலிப்பவருக்கான சலுகை. தாமாகவே விற்கும் மூத்தவருக்கு அன்று.

இனி, இவற்றையெல்லாம் வாங்குகிறவர் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைக்கச் சொல்வது. எழுத்தர் கிடைக்காத பயணத்தில் ஈடு பெற்றுக்கொள்ள வழிகாட்டுவது அதற்கடுத்த வசனம். நாட்டளவில் பொதுப் பதிவேடு ஏற்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1864-இல் தொடங்கிப் பலமுறை திருத்தி எழுதப்பட்ட பதிவுச் சட்டம் 1908-இல் இன்றுள்ள வடிவம் பெற்றது. 1882-இன் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான அடமானத்தைப் பதிவுப் பத்திரத்தால் செய்யப் பணித்தது. நம் மாவட்டத்தில் இதற்கு இரட்டை வரலாறு உண்டு. அறந்தாங்கிப் பகுதி பிரிட்டிஷ் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. அங்கே இச்சட்டங்கள் நேரே செல்லும். புதுக்கோட்டையோ 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானம்; அதற்குத் தனி நீதிமன்றங்களும் தனி முத்திரைத் தாள்களும் இருந்தன. பின்னர் அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்ந்து, 1974 ஜனவரி 14-இல் இரு பகுதிகளும் ஒரே மாவட்டமாயின. ஆகவே பழைய தாய்ப்பத்திரத்தைப் புரட்டுகிறவர், அது எந்த அரசின் முத்திரைத் தாளில் எழுதப்பட்டது என்பதையும் பார்த்தல் நன்று.

இப்பொழுது வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம். பதிவான அடமானம் அதில் தெரியும். நீதிமன்ற ஜப்தியைப் பொறுத்தவரை, ஜப்திக்கு முன்பே நேர்மையாகக் கிரயம் முடிந்திருந்தால் பொதுவாக அது வாங்கியவரைத் தொடாது. ஜப்திக்குப்பின் வாங்கினால், ஜப்தி பெற்றவருக்கு எதிராக அக்கிரயம் நில்லாது. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவே ஒருவர் விற்றிருந்தால் அவர்கள் அவ்விற்பனையை மறுக்கலாம். விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு அங்கும் காப்பு உண்டு. ஆனால் சான்றில் வராதவை பல. வீட்டுப் பத்திரத்தை மட்டும் கையில் கொடுத்து வாங்கும் அடமானம் ஆதியில் கல்கத்தா, சென்னை, பம்பாய் முதலிய சில நகரங்களுக்கே உரியதாயிருந்து, அரசு அறிவிக்கும் பிற ஊர்களுக்கும் பரவியது. எழுத்தில் ஏதும் பதியாமலே அது நடக்கக்கூடும். அதனால்தான் மூலப்பத்திரத்தின் நகலை ஏற்காமல் அசலையே கேட்க வேண்டும். வாய்மொழியாகச் செய்து, கைவசம் ஒப்படைத்த ஹிபாவும் சான்றில் வராது. முஸ்லிம்கள் செய்யும் அத்தகைய கொடைக்குப் பதிவு கட்டாயமில்லை என்று உச்சநீதிமன்றம் 2011-இல் ஹபீஸா பீபி வழக்கில் கூறியது. மகளுக்கு வாயாலே கொடுத்துவிட்ட வீட்டைப் பின்னர் மகன் விற்றுவிடுவதும் நடக்கக்கூடியதே.

எல்லாவற்றிலும் மறைவான கடன் மஹர். கணவர் செலுத்தாமல் விட்ட மஹர், இறந்தவரின் மற்றக் கடன்களைப் போலவே ஒரு கடன். கடன் கொடுத்தவர் என்னும் சொல்லுக்குள் அந்த விதவைப் பெண்ணும் அடங்குகிறார். ஆகவே பஸாயத் ஹுஸைன் தீர்ப்பு வாங்குகிறவருக்குக் காட்டிய பரிவு, சில வேளை அவருடைய இழப்பாகவும் முடியும். ஆனால் அவர் முறையாக அவ்வீட்டின் கைவசத்தைப் பெற்றிருந்தால், மஹர் செலுத்தப்படும் வரை வீட்டை விடாமல் வைத்துக்கொள்ளலாம். பிறருக்குக் கொடுத்துவிட மட்டும் இயலாது. 1890-இல் கணவரை இழந்த மைனா பீபி என்னும் அம்மையார் வீட்டாரின் வழக்கில், மஹரைக் கட்டிவிட்டுச் சொத்தைப் பெறுமாறு 1903-இல் தீர்ப்பாயிற்று. வாரிசுகள் கட்டவில்லை. 1907-இல் அவ்வம்மையார் சொத்தை நன்கொடையாக எழுதினார். அந்த நன்கொடை செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1920-களின் நடுவில் முடிவு கூறியது. வீட்டில் குடியிருப்பவரின் உரிமையை வாங்குகிறவர் அறிந்தவராகவே கொள்ளப்படுவார் என்பதும் சட்டம். எனவே திண்ணையில் நின்று விலை பேசுவதோடு நில்லாமல், உள்ளே இருப்பவர் வாடகைக்காரரா, ஒத்திக்காரரா, மஹர் வரவேண்டிய மூதாட்டியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மஹர் எவ்வளவு, அது நிக்காஹ் நேரத்திலேயே கொடுக்கப்பட்டதா, நிலுவையா என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்காது. அது மஹல்லாப் பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டில் இருக்கும். பல ஊர்களில் அப்பதிவேடுகள் பீரோவின் அடித்தட்டில், கறையான் அரிக்கும் நிலையில் கிடக்கின்றன. முஸ்லிம் குடும்பம் ஒன்றிடமிருந்து வீடு வாங்குகிறவர், வில்லங்கச் சான்றை எடுத்த அதே நாளில் ஜமாஅத் அலுவலகத்துக்கும் சென்று அந்தப் பக்கத்தைப் புரட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் காட்டும் வகையில் அவற்றைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பது முத்தவல்லிகளின் பொறுப்பு.